ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்

சென்ற இதழில் ஆர்.சி. விமானம் பறக்கவிடுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இத்தனை பேருக்கு இந்த ஆசை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது. ஆசிரியரிடம் கேட்டு இந்த முறை கேள்வி பதில் பகுதியை முழுக்க இதற்கே வாங்கிக்கொண்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மஞ்சக்குப்பத்துக்காரி. அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆர்.சி. விமானம் என்பது ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் மாதிரி விமானம். உள்ளே ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கச் சின்னச் சின்ன செர்வோக்கள் இருக்கும். தரையில் நின்றபடி நாம்தான் அதை ஓட்ட வேண்டும்.

என் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு ஆர்.சி. விமானம் கொண்டுவந்தான். கொஞ்ச நேரம் என் கையில் ரிமோட்டைக் கொடுத்தான். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. எனக்கு 46 வயது. இனிமேல் கை பழகுமா அக்கா? அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்?
– ஓர் இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்

கை நன்றாகப் பழகும். இதற்குக் கைபலம் தேவையில்லை, விரல் நுனியில் நிதானம் இருந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை, அதாவது விரலால் அசைக்கும் சின்னக் குச்சியை, வெடுக்கென்று கடைசி வரை தள்ளிவிடுவார்கள். விமானத்துக்கு அவ்வளவு வேண்டாம். அரை சென்டிமீட்டர் அசைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்து, மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்படாதவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது சிரமமே இருக்காது. ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் அதுவும் வலப்பக்கம் போகும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். நம் வலப்பக்கம் போகட்டும் என்று ஸ்டிக்கைச் சாய்ப்போம், அது இடப்பக்கம் சரியும். பதறிப்போய் இன்னும் அழுத்துவோம், இன்னும் சரியும். மனசுக்குள் இடம் வலம் மாற்றிக் கணக்குப் போட அங்கே நேரம் கிடையாது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். விமானம் எதிரே வரும்போது எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு அடியில் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கை எழும்பிச் சமமாகிவிடும். கொஞ்ச நாளில் நினைக்காமலே வரும்.

இதையெல்லாம் மைதானத்தில் போய்க் கற்க வேண்டாம். ரிமோட்டை யு.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பழகும் சிமுலேட்டர்கள் இருக்கின்றன, சில இலவசமாகவே கிடைக்கின்றன. திரையில் எத்தனை முறை விழுந்தாலும் காசு போகாது. மத்தியானம் சமையல் முடிந்து எல்லாரும் ஓய்ந்த நேரத்தில் தினம் அரை மணி உட்காருங்கள். எதிரே வரும் விமானம் பயமுறுத்தாத நாள் வந்ததும் மைதானத்துக்குப் போங்கள்.

முக்கியமான விஷயம், மகனுடைய ரிமோட்டில் பழக வேண்டாம். உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள். ‘மோட் 2’ என்று கேட்டு வாங்குங்கள்; இடது ஸ்டிக்கில் மோட்டார் வேகமும் ரட்டரும் (நிமிர்ந்த வாலின் மடிப்பு), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (படுத்த வாலின் மடிப்பு) எய்லரானும் (இறக்கை மடிப்பு) வரும். நம் பக்கம் அதுதான் அதிகப் புழக்கம் என்பதால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். ரிமோட், ரிசீவர், மோட்டார், செர்வோ, பேட்டரி, சார்ஜர், ஃபோம் விமானம் எல்லாம் சேர்ந்து சுமார் 10,000 முதல் 15,000 ரூபாய் ஆகும். சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். முதலில் ரிமோட் மட்டும் வாங்கி சிமுலேட்டரில் பழகுங்கள், மீதியை மெதுவாகச் சேர்க்கலாம். ரிமோட் உங்களுடையதாக இருந்தால் யாரிடமும் ‘ஒரு நிமிஷம் குடேன்’ என்று கேட்டு நிற்க வேண்டாம், அது பெரிய விடுதலை.

தெருவில் சொல்வதைச் சொல்லட்டும். முதல் நாள் சொல்வார்கள். அடுத்த வாரம் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, இதற்குக் காட்டுங்கள் அக்கா என்று கேட்பார்கள்.

என் மனைவிக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பெண்களுக்கு ஏற்றதாக, லேசான, கைக்கு அடக்கமான குட்டி விமானமாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பண்ருட்டி

தம்பி, வாங்கிக் கொடுக்க நினைத்த உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குட்டி விமானம் வேண்டாம். நம் ஊரில் காற்று எப்போதும் ஓரளவு இருந்துகொண்டே இருக்கும். உள்ளங்கை அளவு விமானத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னதாக இருப்பதால் கொஞ்ச தூரம் போனதுமே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. சின்ன விமானம் சட்டென்று திரும்பும், யோசிக்க இடம் கொடுக்காது. புதியவர்களுக்குச் சுலபமானது பெரிய விமானம்தான்.

இறக்கை 1.2 முதல் 1.4 மீட்டர் நீளம், உடம்புக்கு மேலே இறக்கை வைத்த ‘ஹை விங்’ டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்), மோட்டாருக்கு மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மொத்த எடை ஒரு கிலோவுக்குப் பக்கமாக இருக்கும். ஒரு கிலோவை உங்கள் மனைவி தூக்கிவிடுவார். கடையில் ‘லேடீஸ்’ என்று சொல்லி எதையாவது தலையில் கட்டினால் வாங்கிவிடாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரே கேட்டு வாங்கட்டும்.

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரி ஏரோ டிசைன் அணியில் இருக்கிறேன். ரிப்போர்ட் எழுதுவது, பிரசன்டேஷன், இறக்கைக்கு ஃபிலிம் ஒட்டுவது எல்லாம் பெண்கள் நாங்கள். பறக்கவிடுவது எப்போதும் பையன்கள். கேட்டால் ‘போட்டி நேரத்தில் ரிஸ்க் எடுக்க முடியாது’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானோ என்று குழப்பமாக இருக்கிறது டீச்சர்.
– ஒரு மாணவி, முதலியார்பேட்டை

இதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன் கண்ணு. இந்த இதழில் நான் அதிகம் எழுதப்போவது உனக்குத்தான்.

போட்டி அன்று தேர்ந்த கைதான் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியா நடத்துவது போன்ற ஏரோ டிசைன் போட்டிகளில் மாதக்கணக்கில் செய்த விமானம் ஒரே ஒரு தப்பான திருப்பத்தில் குச்சி குச்சியாகிவிடும். ஆனால் அந்தக் கை எப்படித் தேர்ந்தது? பயிற்சி நாட்களில் ரிமோட் யாரிடம் இருந்ததோ அவர் தேர்ந்தார். பழக நேரம் கொடுக்காமல், பழக்கம் இல்லை என்று ஒதுக்குகிறார்கள். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், அணிக் கூட்டத்தில் நிதானமாக, இதே வரிசையில் சொல். பயிற்சி நாட்களுக்கு ஒரு அட்டவணை கேள். அடுத்த பேட்டரிக்கு விமானத்தை யார் பறக்கவிடுவது என்று பெயர் எழுதி, சார்ஜ் பண்ணும் மேஜைக்கு மேலே ஒட்டிவிடு. எழுத்தில் இருந்தால் மறுப்பது கஷ்டம்.

பையன்கள் பயப்படுவது விமானம் உடைந்துவிடும் என்றுதானே? அதற்கு வழி இருக்கிறது. இரண்டு ரிமோட்டுகளை இணைத்து ‘டிரெய்னர்’ முறையில் பறக்கவிடலாம். பழகியவர் கையில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். நீ தடுமாறினால் அவர் ஸ்விட்சை விட்டதும் கட்டுப்பாடு அவரிடம் போய்விடும். நடுத்தர விலை ரிமோட்டுகளிலேயே இந்த வசதி வருகிறது. அப்படியும் தயங்கினால், போட்டி விமானத்தைத் தொட வேண்டாம், ஃபோம் ஷீட்டில் ஒரு பயிற்சி விமானம் செய்துகொள்ளுங்கள். உடைந்தால் பசை வைத்து ஒட்டி அன்றைக்கே மறுபடி பறக்கவிடலாம்.

அப்புறம், ஃபிலிம் ஒட்டும் வேலையைக் குறைவாக நினைத்துவிடாதே. பால்சா மரச் சட்டத்தின் மேல் அந்த மெல்லிய ஃபிலிமை வைத்து, சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் சூடு காட்டிச் சுருக்கி விறைப்பாக்குவது தேர்ந்த கைவேலை. ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை ஒரு பக்கமாகவே இழுக்கும். எங்களோடு பறக்கவிடும் தையல்காரம்மா ஒருவர் ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. துணி வெட்டுகிற கணக்கோடுதான் ஃபிலிமையும் வெட்டுவார். ஒட்டிய இறக்கையைத் தானே மாட்டி, தானே பறக்கவிட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வந்து மறுபடி சூடு காட்டிச் சரி செய்வார். உன் அணியில் அந்த இரண்டாவது பாதி உனக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் நீ கேட்க வேண்டும்.

விமானத்தின் எடை மையத்தை, சி.ஜி. என்பார்களே, அதைப் பார்க்கும் பொறுப்பை நீ எடுத்துக்கொள். டிரெய்னர் மாதிரி விமானத்தில் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு தாண்டிய இடம். இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டர். அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அன்று பறக்கவிடாதே, யார் சொன்னாலும் விடாதே. பேட்டரியை முன்னே நகர்த்திச் சரி செய். எந்த மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது, ஒவ்வொரு பறத்தலிலும் பேட்டரி எவ்வளவு குறைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவை. விமானத்தை உன்னளவு தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஆனபின் ‘ரிஸ்க்’ என்று யாரும் சொல்ல முடியாது.

லிலியன் பிளாண்ட் என்ற பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல ஆசை. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட்டுக்குப் பக்கத்தில் கார்ன்மனி என்ற ஊரில் இருந்தவர், பத்திரிகைப் புகைப்படக்காரர். 1909-ல் பாரிஸிலிருந்து மாமா அனுப்பிய தபால் அட்டையில் பிளேரியோ என்ற பிரெஞ்சு விமானியின் விமானப் படமும் அளவுகளும் இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத் தானும் செய்வது என்று தீர்மானித்தார். முதலில் சுமார் 6 அடி இறக்கை கொண்ட மாதிரி விமானம் செய்து பறக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் பெரிய கிளைடர். அது எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்க ஆஜானுபாகுவான போலீஸ்காரர்களை அதில் தொங்கவிட்டார், அது அவர்களையும் தூக்கியது. பிறகு 20 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கினார். எரிபொருள் டேங்க் வந்து சேரவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒரு காலி விஸ்கி பாட்டிலையும், காது கேட்காத அத்தையின் செவிக்குழலையும் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். 1910-ல் அந்த விமானத்தை அவரே ஓட்டினார். வடிவமைத்தது, கட்டியது, பறந்தது எல்லாம் ஒரே பெண். மாதிரி விமானத்தில் ஆரம்பித்து அங்கே போனார். பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார், அவரும் காரை வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நீ நிறுத்தாதே.

இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரி 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நிஜ விமானத்தின் காக்பிட்டில் நம் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், கல்லூரி மைதானத்து ரிமோட்டுக்கு என்ன தடை? என்.சி.சி. விமானப் பிரிவில் மாணவிகளுக்கும் ஏரோமாடலிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அது போட்டியாகவும் நடக்கிறது. உன் தங்கை யாராவது பள்ளியில் இருந்தால் இதைச் சொல்லிவை.

சேலை கட்டிக்கொண்டு பறக்கவிடலாமா? சுடிதார்தான் போட வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

சேலை தாராளமாகக் கட்டலாம். 1936-ல் சர்லா துக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் என்ற நிஜ விமானத்தையே தனியாக ஓட்டி உரிமம் வாங்கினார், அப்போது அவருக்கு 21 வயது.

நான் கவலைப்படுவது துப்பட்டாவையும் விரித்த கூந்தலையும் பற்றி. மூக்கில் சுற்றும் ப்ராப், அதாவது விசிறி, நிமிஷத்துக்குச் சுமார் 8,000 சுற்று சுற்றும். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. குனிந்து விமானத்தைப் பிடித்திருக்கும்போது துப்பட்டா நுனி அதில் பட்டால் கழுத்தோடு சேர்த்து இழுக்கும். அதனால் துப்பட்டாவைக் கழற்றி வண்டியில் வைத்துவிடுங்கள். முந்தானையை இழுத்துச் செருகி ஒரு ஊக்குப் போடுங்கள். பின்னலைக் கொண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலையும் கழற்றிவிடுவது நல்லது. எப்போதும் முதலில் ரிமோட்டை ஆன் செய்து, மோட்டார் ஸ்டிக் அடியில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் விமானத்தில் பேட்டரியைச் சொருக வேண்டும். நிறுத்தும்போது முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட். பேட்டரி சொருகிய நொடியிலிருந்து ப்ராப்புக்கு முன்னால் கையோ முகமோ போகக்கூடாது. வீட்டில் மேஜையில் வைத்து செர்வோ, ரிமோட் சரிபார்க்கும்போது ப்ராப்பைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

மாமியாருக்கு இந்த பேட்டரியைக் கண்டாலே பயம். போன் வெடித்த செய்தியெல்லாம் காட்டுகிறார். உண்மையிலேயே ஆபத்தா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

உங்கள் அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரைச் சமாதானப்படுத்துவதை விட, அவர் கண்முன்னே சரியாகச் செய்து காட்டுங்கள்.

லைப்போ பேட்டரியில் ஒரு செல் 3.7 வோல்ட். மூன்று செல் சேர்ந்தது 11.1 வோல்ட், முழுதாக ஏற்றினால் 12.6. அதற்கு மேல் ஏற்றினால் உப்பி, புகைந்து, தீப்பிடிக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் போடுங்கள். 2,200 மில்லி ஆம்பியர்-அவர் (mAh) பேட்டரி என்றால் 2.2 ஆம்பியரில் ஏற்றுங்கள், அவசரம் என்று கூட்டாதீர்கள். ஒரு பெரிய மண்சட்டியில் கொஞ்சம் மணல் பரப்பி அதற்குள் பேட்டரியை வைத்து, சட்டியைச் சிமெண்ட் தரையில் வையுங்கள். சார்ஜர் வெளியே இருக்கட்டும். கேஸ் அடுப்பு, திரைச்சீலை, மெத்தை பக்கத்தில் வேண்டாம். பேட்டரி ஏறும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள், தூங்கவும் வேண்டாம்.

மழை பிடித்து இரண்டு வாரம் பறக்கவிட முடியாது என்றால் முழு சார்ஜில் வைக்காதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள், சார்ஜரிலேயே ‘ஸ்டோரேஜ்’ என்று அதற்கு வழி இருக்கும். உப்பிய பேட்டரி, விழுந்து நசுங்கிய பேட்டரி இரண்டையும் மறுபடி ஏற்றவே கூடாது. ‘இன்னும் ஒரு தடவை வரும்’ என்று ஆசைப்படாதீர்கள்.

சில்வர் பீச்சில் பறக்கவிடலாமா? புதுச்சேரியில் எங்கே விடலாம்?
– ஒரு தம்பதி, தேவனாம்பட்டினம்

2021-ன் ட்ரோன் விதிகள்தான் இதற்கும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் விடலாம். அதற்கு அப்பால் பச்சை மண்டலமாக (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) இருந்தால் 400 அடி வரை. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் எல்லாம் உள்ளே வந்துவிடும். பாகூர்ப் பக்கம் தள்ளிப் போனால் அந்தத் தொல்லை இல்லை. கடலூர் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் வேறு காரணங்களுக்காகச் சிவப்பு மண்டலம் (அனுமதி இல்லாமல் விடக்கூடாத பகுதி) இருக்கலாம், தற்காலிகமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கவும் விதி உண்டு. மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பதிவு பற்றிய விதிகளையும் விமானம் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

சில்வர் பீச் வேண்டாம் என்பது என் கருத்து. சாயந்தரம் குழந்தை குட்டியோடு கூட்டம் இருக்கும், ஒரு கிலோ விமானம் தலையில் விழுந்தால் விளையாட்டில்லை. அதோடு மணலும் உப்புக் காற்றும் மோட்டார் பேரிங்கிலும் செர்வோ பல்லிலும் புகுந்து அரித்துவிடும். அறுவடை முடிந்த வயல்தான் நமக்கு நல்ல மைதானம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உளுந்து விதைத்திருந்தால் கால் வைக்காதீர்கள்.

அக்கா, எல்லாரும் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தனியாக அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். போனாலும் ஏழு மணிக்குத் திரும்பி டிபன் செய்ய வேண்டும். அங்கே பாத்ரூமும் கிடையாது. ஆண்கள் பத்து மணி வரை இருந்து பேசிக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். நான் ஒரு பேட்டரி முடிந்ததும் ஓடி வருகிறேன். இப்படி எப்போது கற்பது?
– ஒரு வங்கி ஊழியர், கடலூர் முதுநகர்

பெண்கள் ஏன் வருவதில்லை என்று என்னிடம் கேட்கும் எல்லாருக்கும் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். ஆர்வம் இல்லை, பயம் என்றெல்லாம் பேசுவார்கள். காரணம் நீங்கள் எழுதியதுதான்.

காலை நேரத்தை ஏன் சொல்கிறார்கள் என்றால், விடியலில் தரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும், ஏறக்குறைய அசைவற்று இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும், முற்பகல் கடந்து கடல்காற்று உள்ளே புகுந்துவிடும். அதன்பின் கரையோரத்தில் புதியவர்கள் விடுவது கஷ்டம். ஆனால் மாலையும் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் கடல்காற்று தணிய ஆரம்பிக்கும், அஸ்தமனத்துக்கு முந்தைய கடைசி முக்கால் மணி நேரம் பல நாட்களில் நன்றாகவே இருக்கும். கரையிலிருந்து மேற்கே தள்ளிப் போகப் போகக் காற்றின் வேகமும் குறையும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள், விமானம் வெயிலுக்குள் போனால் கண் கூசி அதைத் தொலைத்துவிடுவோம். வங்கி முடிந்து நேரே போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

தனியாகப் போகாதீர்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை. புதிதாகப் பறக்கவிடுபவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நின்று ‘இடப்பக்கம் பருந்து வருது, பின்னால ஆடு வருது’ என்று சொல்ல வேண்டும். விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்பதால் அது அவசியம். இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பறக்கவிட ஒருவர் பார்க்கட்டும், மாறி மாறி. நம் பக்கத்தில் கரும்பருந்தும் செம்பருந்தும் நிறைய. தன் எல்லைக்குள் விமானம் வந்தால் கிட்டத்தில் வந்து வட்டமிடும். அதற்காகவே ஒரு ஜோடிக் கண் தேவை.

மைதானம் நடத்தும் ஆண்களுக்கும் இதே இடத்தில் ஒரு வேண்டுகோள். தம்பிகளே, அண்ணன்களே, உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பெண் வந்ததும் ஓடி வந்து உதவுகிறீர்கள். ஆனால் அவர் கையிலிருந்து விமானத்தை வாங்கி நீங்களே பேட்டரி சொருகி, நேராகப் பறக்கும்படி நீங்களே டிரிம் செய்து, நீங்களே மேலே ஏற்றி, கடைசியில் இரண்டு நிமிஷம் ரிமோட்டைக் கொடுத்து, தடுமாறியதும் பிடுங்கிக்கொள்கிறீர்கள். அவர் ஏற்றட்டும், அவரே இறக்கட்டும். தவறினால் ஒரு ப்ராப் உடையும். வாயால் சொல்லிக்கொடுங்கள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு மாலையைப் புதியவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். பக்கத்தில் கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள், பள்ளி மைதானமோ, தெரிந்தவர் மோட்டார் கொட்டகை பக்கமோ. இதைச் செய்தால் வருகிறவர்கள் எண்ணிக்கை தானே கூடும்.

வீட்டில் இருக்கிற ஆண்களுக்கும்: ஞாயிற்றுக்கிழமை டிபனை நீங்கள் போடுங்கள். உப்புமா ஒன்றும் கஷ்டமில்லை.

எங்கள் மகளிர் குழுவில் ‘நமோ ட்ரோன் திதி’ பயிற்சிக்குப் பேசிக்கொள்கிறார்கள். ஆர்.சி. விமானம் பழகினால் அதற்கு உதவுமா?
– ஒரு சுயஉதவிக் குழு உறுப்பினர், குறிஞ்சிப்பாடி

உதவும். நாடு முழுவதும் 15,000 மகளிர் குழுக்களுக்கு, வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் கொடுப்பதற்காக 2023-ல் அறிவித்த திட்டம் அது. ட்ரோன் விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அப்போது அறிவித்தார்கள். பயிற்சி 15 நாள். ட்ரோன் ஸ்டிக்கை விட்டாலும் ஜி.பி.எஸ். உதவியால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், விமானம் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். அதனால் விமானம் பழகிய விரலுக்கு ட்ரோன் சுலபம். ஸ்டிக், பேட்டரி ஒழுங்கு, காற்றைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் அப்படியே கைகொடுக்கும். குழுவில் ஒரு ரிமோட் வாங்கிப் பொதுவில் வைத்துச் சிமுலேட்டரில் பழகுங்கள். பயிற்சிக்குப் போகும்போது முதல் நாள் பயம் இருக்காது.

நான் எட்டாவது படிக்கிறேன். எங்கள் வீட்டில் அவ்வளவு காசு இல்லை டீச்சர். நான் என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, பாகூர்

நீ இன்றைக்கே ஆரம்பிக்கலாம். மோட்டாரும் ரிமோட்டும் பிறகு வரட்டும், முதலில் கிளைடர் செய். மெல்லிய தெர்மாகோல் ஷீட் ஒன்று, புது பிளேடு, ஃபெவிகால், ஒரு தென்னை ஈர்க்குச்சி போதும். இறக்கை 40 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம். நடுவில் லேசாகக் கீறி மடித்து, இரண்டு முனையும் 3 சென்டிமீட்டர் உயரும்படி ஒட்டு. இறக்கை அப்படி மேல்நோக்கி இருந்தால்தான் சாய்ந்த விமானம் தானாக நிமிரும். உடம்புக்கு 30 சென்டிமீட்டர் பட்டை, அதன் அடியில் நீளவாட்டில் ஈர்க்குச்சி. மூக்கிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இறக்கையை ஒட்டு. வால் 14க்கு 5, நிமிர்ந்த வால் 6க்கு 5. ஃபெவிகால் ஒரு ராத்திரி காயட்டும். தெர்மாகோலுக்குக் குயிக் ஃபிக்ஸ் மாதிரிப் பசை வேண்டாம், கரைத்துவிடும்.

காய்ந்ததும் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு விரலால் தூக்கிப் பார். வால் தாழும். மூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண் ஒட்டிக்கொண்டே வா, சமமாக நிற்கும் வரை. காற்றில்லாத நேரமாகப் பார்த்து, தோள் உயரத்திலிருந்து, மேலே எறியாமல் நேராக மெல்லத் தள்ளிவிடு. மூக்கு தூக்கி நின்று விழுந்தால் இன்னும் களிமண் வை, குத்தென்று இறங்கினால் கிள்ளி எடு. கிளாசில் இன்னும் இரண்டு பேரைச் செய்யச் சொல், யாருடையது அதிக தூரம் போகிறது என்று பாருங்கள். எத்தனை அடி போனது என்று எனக்கு எழுது. அடுத்த இதழில் அதற்கு ரப்பர் பேண்டில் ஓடும் ப்ராப் வைப்பது எப்படி என்று சொல்லித் தருகிறேன்.